மாப்ளேயோட ரத்தத்துக்கு நாப்பத்தேழு வயசு

வா மாப்ளே. அந்தக் கயித்துக் கட்டலை இக்கட்ட இழுத்துப் போட்டு உக்காரு. மெதுவா உக்காரு, உன்ற எடை அதுக்குப் பழக்கமில்லே. உங்கம்மா காத்தாலயே போன் பண்ணீருச்சு. "ஏனுங்ண்ணா, பையன் சோத்துல கை வெக்காம மோட்டுவளையப் பாத்துட்டே உக்காந்திருக்கறான், நீங்க சித்தெ என்னன்னு கேளுங்க"ன்னு ஒரே பொலம்பலு. பொண்ணு ஊட்டுக்காரங்க மறுபடி யாராச்சும் வேண்டாம்னு சொல்லீட்டாங்களோன்னு நெனச்சேன். அது பழகிப்போன சமாச்சாரம், அதுக்கெல்லாம் நீ சோத்தை விடமாட்டே. கடைசீல பாத்தா, ஒரு காயிதம்.

எங்கே, குடு பாக்கலாம். வழுவழுன்னு நாலு கலர்ல அச்சடிச்சிருக்கறான். "உங்கள் வயது 34. உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் உயிரியல் வயது 47." அதுக்குக் கீழயே, வயசைக் கொறைக்கறதுக்குப் பொடி. மூணு மாசத்துக்கு மூணு டப்பா. வெலைய நீ சொல்ல வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். முப்பத்திநாலுன்னு சொல்லியே உன்ற ஜாதகம் ஈரோடு, தாராபுரம்னு ஊரூராச் சுத்தீட்டுக் கெடக்குது. இதுல ரத்தத்துக்கு நாப்பத்தேழுன்னு வெளிய தெரிஞ்சா, தரகர் நம்ம இட்டேரிப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாரு. மடிச்சு உள்ள வையி.

சரி, சிரிச்சது போதும். இந்தக் காயிதம் பொய்யின்னு நான் சொல்ல வரலே. கோயமுத்தூர்ல படிக்கறாளே என்ற பேத்தி, மக வயித்துப் பேத்தி, லீவுக்கு வந்தா எனக்கும் அவளுக்கும் இதே பேச்சுத்தான். "அப்பிச்சி, உங்களுக்கு எதுக்குங் இதெல்லாம்"னு கேப்பா. எழுவது தாண்டுனவனுக்கு இதைவிட்டா வேற என்ன பாடம் அம்முணின்னு சொல்லி, எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கறேன். கொஞ்சம் எனக்குப் புரிஞ்ச மாதிரி, கொஞ்சம் அவ சொன்ன மாதிரி சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல இந்தக் காயிதக்காரன் உன்ற ரத்தத்துல எதை எண்ணுனான்னு பாப்பம். செவப்பணுவுல எண்ணறதுக்கு ஒண்ணுமில்லே. அது முத்துனா உள்ள இருக்கற கருவை வெளிய தள்ளீரும், டி.என்.ஏ.வே இருக்காது. மிச்சம் இருக்கறது வெள்ளையணு. அதோட டி.என்.ஏ. மேல அங்கங்க மெத்தில்னு சின்னதா ஒரு ரசாயனப் பொட்டு ஒட்டியிருக்கும். வயசு ஏற ஏற சில எடத்துல பொட்டு கூடும், சில எடத்துல அழிஞ்சு போகும். லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்டீவ் ஹார்வத்ங்கறவரு 2013-ல, 353 எடத்துல இந்தப் பொட்டு எப்பிடி இருக்குதுன்னு பாத்தே ஆளோட வயசைச் சொல்லீரலாம்னு ஒரு கணக்குப் போட்டாரு. நெம்பக் கெட்டிக்காரக் கணக்கு. அந்த வழியப் புடிச்சுட்டு இப்ப ஆளாளுக்குக் கடை விரிச்சிருக்கறாங்க.

வெள்ளையணுவுல பல வகை இருக்குது. அதுல டி செல்லுன்னு ஒண்ணு. அதுலயே ரெண்டு கூட்டம்: இன்னும் ஒரு கிருமியையும் பாக்காம சும்மா சுத்தற புதுசு, கிருமியோட மல்லுக்கட்டி, அதோட மூஞ்சிய ஞாபகம் வெச்சிருக்கற பழசு. கலிபோர்னியாவுல பக் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, ஒரே மனுசன் ரத்தத்துல இருந்து இந்த ரெண்டையும் தனியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டுக் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. 2024-ல வந்த சேதி. புதுசுக்கும் பழசுக்கும் நடுவுல 15-ல இருந்து 20 வருசம் வித்தியாசம். ஒரே ஒடம்பு, ஒரே நாளு, ஒரே ஊசியில எடுத்த ரத்தம்.

அப்ப உன்ற காயிதத்துல இருக்கற 47 யாரோட வயசு? ரத்தத்துல பழசு கூடி, புதுசு கொறைஞ்சாலே அந்த எண்ணு ஏறிக்கும். நீ கொரோனாவுல படுத்தே. பொறகு டெங்கு. அதுக்கும் மேல, திருப்பூர்ல கம்பெனிக்குப் பின்னால அந்தத் தள்ளுவண்டியில ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா தின்னு வாங்குன டைபாய்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூட்டம் செல்லு சண்டைக்குப் போயி, ஞாபகத்தோட திரும்பி வந்து உள்ள உக்காந்திருக்குது. அவன் உன்ற வயசை மட்டுமா எண்ணுனான்? நீ வாங்குன அடியையும் சேத்தல்ல எண்ணியிருக்கறான்! அதுக்குப் போயி மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்தா எப்பிடி?

இதுல சத்தமில்லாம எடம் புடிக்கற ஆளு ஒருத்தன் இருக்கறான். சைட்டோமெகலோ வைரஸ்னு பேரு. நம்ம நாட்டுல பெரியவங்க 100 பேருல 90-க்கு மேல அவன் தங்கியிருக்கறான். வந்தது தெரியாது, போகவும் மாட்டான். அவனைக் காவல் காக்கறதுக்குன்னே ஞாபகச் செல்லுகள்ல பத்துல ஒரு பங்கு ஒதுங்கீருது. வயசானவங்களுக்கு அதுக்கும் மேல. ஒறம்பரைன்னு வந்தவன் திரும்பிப் போகாம இருந்தா ஊட்டுல என்ன நெலமையோ அதேதான். பேரைக் கேட்டுப் பயந்துக்காதே. உனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும், அந்தப் பொடி விக்கறவனுக்கும் இருக்கும்.

புதுசு எங்கிருந்து வருதுன்னு நீ கேக்கோணும். கேக்க மாட்டே, நானே சொல்றேன். நெஞ்செலும்புக்குப் பொறத்தால, இருதயத்துக்குச் சித்தெ மேல, தைமஸ்னு ஒரு சுரப்பி. எலும்பு மஜ்ஜையில பொறந்த செல்லு அங்க போயித்தான் டி செல்லாகுது. சொந்த ஒடம்பையே கடிக்கற செல்லையும், ஒண்ணுத்தையும் அடையாளம் தெரியாத செல்லையும் அங்கயே கழிச்சுக் கட்டீருவாங்க. நூத்துல தொண்ணூத்தஞ்சுக்கு மேல தேறாது. கொழந்தையில பெருசா இருக்கற தைமஸ், நாம வயசுக்கு வந்ததுக்குப் பொறகு வெசையாச் சுருங்கும். அறுவதுல பாத்தா முக்காவாசி கொழுப்புத்தான். ஒடம்புல மொதல்ல கணக்கை முடிச்சுக்கறது தலைமயிருன்னு நீ நெனச்சுட்டு இருக்கறே. தலையத் தடவாதே, அது வேற கதை.

இந்தத் தைமஸ் எதுக்கு இருக்குதுன்னு 1961 வரைக்கும் டாக்டருங்களுக்கே தெரியாது. லண்டன்ல ஜாக் மில்லர்னு ஒரு எளவட்டம், பொறந்த எலிக்குட்டிகளுக்கு அதை எடுத்துப் பாத்தப்பதான் குட்டிக நோயைத் தாங்க முடியாமச் சாகறது தெரிஞ்சுது. அதுக்கு முந்தி அமெரிக்காவுல நடந்த கூத்தைக் கேளு. அங்க அறுத்துப் பாடம் படிச்ச பொணமெல்லாம் ஏழைபாழையோடது. சீக்குலயும் பட்டினியிலயும் நாள்பட்டுச் செத்ததுக. அந்த வாதையில தைமஸ் சுருங்கிப்போயிருந்துச்சு. அதையே சரியான அளவுன்னு புஸ்தகத்துல எழுதீட்டாங்க. பொறகு நல்லா இருந்த கொழந்தை ஒண்ணு திடீர்னு செத்து, அதோட தைமஸ் பெருசா இருக்கறதைப் பாத்துட்டு, இது வீங்கித்தான் மூச்சை அடைச்சுருச்சுன்னு முடிவு கட்டி, ஆயிரக்கணக்கான கொழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிரை அடிச்சு அதைச் சுருக்கிவிட்டாங்க. அதுல பல பேருக்குப் பின்னால தைராய்டுல புத்துநோய் வந்துச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்? எவனாச்சும் "சரியான அளவு"ன்னு ஒரு எண்ணை நீட்டுனா, எந்த ஊரு ஆளுங்களை வெச்சு அந்த அளவைப் போட்டேன்னு கேக்கோணும். உன்ற காயிதத்தைத் திருப்பிப் பாத்தேன், முன்னயும் இல்லே பின்னயும் இல்லே. கொசு கடிச்சு, அம்மை போட்டு, டைபாய்டு வந்து எந்திரிச்ச நம்மூரு ரத்தத்தை, சீமைக்காரன் ரத்தத்துக்குப் போட்ட அளவுகோல்ல அளந்தா கூடத்தான் காட்டும்.

இன்னொரு தப்புக் கணக்கையும் கேளு. ஒரு காலத்துல செல்லுக்குச் சாவே கெடையாதுன்னு சாதிச்சாங்க. அலெக்சிஸ் காரெல்னு நோபல் வாங்குன பெரிய மனுசன், கோழிக்குஞ்சு இருதயத்துல எடுத்த செல்லை 1912-ல கண்ணாடிக் குடுவையில போட்டு வளத்த ஆரம்பிச்சாரு. அவரு செத்தே போனாரு, அது 1946 வரைக்கும் வளந்துச்சாமா. அத்தனை பெரிய மனுசன் சொன்னதை யாரு மறுத்துப் பேசறது? 1961-ல பிலடெல்பியாவுல ஹேஃப்ளிக், மூர்ஹெட்னு ரெண்டு பேரு மனுச செல்லை வளத்திப் பாத்தாங்க. அம்பது தரத்துக்கு முன்னப்பின்ன ரெண்டு ரெண்டாப் பெருகுச்சு, பொறகு நின்னு போச்சு. சாகவும் இல்லே, பெருகவும் இல்லே. எழுதி அனுப்புனா பெரிய பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பீட்டான். ஹேஃப்ளிக் அசரலே. தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் இருந்து, 2024-லதான் போய்ச் சேந்தாரு.

ஏன் நிக்குதுன்னா, செல்லு ஒவ்வொரு தடவை ரெண்டாகறப்பயும் டி.என்.ஏ.வோட நுனி கொஞ்சம் கொறையுது. அந்த நுனிக்கு டீலோமியர்னு பேரு. ஒரே ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும், அர்த்தம் ஒண்ணுமில்லே, உள்ள இருக்கற சரக்கைக் காப்பாத்தறதுதான் அதுக்கு வேலை. நெம்பக் கொறைஞ்சுட்டா செல்லு பெருகறதை நிறுத்திக்கும். டி செல்லுக்கு இது பெரிய எடஞ்சல். ஒரு கிருமி வந்தா ஒத்தைச் செல்லு ஆயிரக்கணக்குல பெருகோணும். நுனியைத் திரும்ப வளத்தற நொதி ஒண்ணு அதுகிட்ட இருக்குது, ஆனா வயசாக ஆக அதுவும் சுணங்கீருது. இந்த நுனியையும் நொதியையும் குளத்துத் தண்ணியில கெடக்கற ஒரு ஒத்தைச் செல்லு உசுருலதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க. எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக், மூணு பேருக்கும் அதுக்கு 2009-ல நோபல்.

குளத்துல தேடுனா வயசோட சங்கதி கெடைக்கும்னா, நம்மூரு தாமரைக்குளத்துல அது எப்பவோ கெடைச்சாச்சு. சுந்தரர் கதை உனக்குத் தெரியுமல்ல? தெரியாதா? அவிநாசியில பொறந்துட்டு! குளிக்கப் போன பையனை முதலை முழுங்கீருச்சு. சில வருசம் கழிச்சுச் சுந்தரர் அந்த வழியா வந்தாரு. ஒரு ஊட்டுல பையனுக்குப் பூணூல் கலியாணம், மேளச்சத்தம். எதிர்த்த ஊட்டுல அழுகைச்சத்தம். விசாரிச்சாரு, குளத்தங்கரையில நின்னு பாடுனாரு, முதலை வந்து பையனைக் கக்கீட்டுப் போச்சு. கவனிக்க வேண்டியது இனிமேலதான். வெளிய வந்த பையன் முழுங்குன அன்னிக்கு இருந்த சின்னப்பையன் இல்லே. முதலை வயித்துக்குள்ள கெடந்த வருசத்தையும் சேத்து வளந்த பையன். செத்தவனைத் திருப்பிக் குடுத்த சாமி, வயசைத் திருப்பிக் குடுக்கலே பாத்துக்க. சாமியே தொடாத கணக்கை மூணு டப்பாப் பொடியில மாத்தறேங்கறான் உன்ற ஆளு. அவனுக்குத் தைரியந்தான்.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். அந்த டப்பா மேல என்ன போட்டிருக்குது? "இம்யூனிட்டி பூஸ்டர்". எதிர்ப்பு சக்தி கொறைஞ்சு போச்சு, அதை ஏத்தி விடறேங்கறான். வயசாயி நின்னுபோன செல்லு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா நீ அந்த டப்பாவைத் தொடமாட்டே.

அவிநாசி ரோட்டு மேல எந்த பேக்கரிக்கு வேணாப் போயிப் பாரு. காத்தால ஆறு மணிக்கு நாலு பெருசுக வந்து உக்காரும். ஒரு டீயி, அதையும் ரெண்டாப் பங்கு வெச்சு. தோட்டத்துல வேலை செய்யறதை விட்டு வருசமாச்சு, ஆனா எடத்தைக் காலி பண்ண மாட்டாங்க. ரோட்டுல போற வர்றவனையெல்லாம் கூப்புட்டுக் கூப்புட்டு வம்பு. அவங்க போடற சத்தத்துல பக்கத்து மேசையில நல்லா இருந்தவனும் கோவக்காரனாயிருவான். நெசமாலுமே திருடன் வந்தா, எந்திரிக்கறதுக்குள்ள அவன் பெருமாநல்லூர் தாண்டீருவான். என்னை ஏன் அப்பிடிப் பாக்கறே? நான் ஏழு மணிக்குத்தான் போவேன்.

வயசான டி செல்லு இதேதான். வேலைக்கு எறங்கறதுக்கு வேணுங்கற சி.டி.28-ங்கற புரதம் அது மேல இருந்து உதுந்து போயிருக்கும். பெருகாது. சாகச் சொன்னாச் சாகாது. ஆனா அழற்சி உண்டாக்கற ரசாயனத்தை ஓயாமக் கக்கீட்டே இருக்கும். பக்கத்துல இருக்கற நல்ல செல்லும் அதுல கெட்டுப்போகும். ஜூடித் காம்பிசிங்கற அம்மாவோட ஆளுங்க 2008-ல இந்தக் கக்கறதுக்கு ஒரு பேரே வெச்சாங்க. அதுக்கு முந்தி 2000-ல இத்தாலியில கிளாடியோ ஃபிரான்செஸ்கி, கெழவங்க ஒடம்புல காய்ச்சலும் இல்லாம கிருமியும் இல்லாம ஒரு கனல் உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டே இருக்குதுன்னு எழுதுனாரு. சக்கரை, ரத்தக்கொழாய் அடைப்பு, மூட்டு, எல்லாத்துக்கும் அது எண்ணெய் ஊத்துது. இப்பிடி நின்னுபோன செல்லுகளைப் பொறுக்கி வெளியேத்தறதும் எதிர்ப்புச் செல்லோட வேலைதான். பொறுக்கறவனுக்கே வயசாயிட்டா?

ஆக, வயசான எதிர்ப்பு சக்திக்குப் பலம் மட்டுமா கொறையுது? சத்தமும் கூடுது. கத்தற கெழவனுக்கு மைக்கு வாங்கிக் குடுக்கறதுக்குப் பேருதான் பூஸ்டரு. அந்தப் பொடியில ஒண்ணுமே இல்லாம இருந்தா காசோட போச்சு. நெசமாலுமே ஏத்தி விட்டுச்சுன்னா அதுதான் ஆபத்து.

2020-ஐ நெனச்சுப் பாரு. ஊரே அண்டாவுல கபசுரக் குடிநீர் காய்ச்சி, எதிர்ப்பு சக்தி ஏறட்டும்னு வரிசையில நின்னு குடிச்சுது. நானுந்தான் குடிச்சேன், கசப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அதே வருசம் ஜூன் மாசம் ஆக்ஸ்போர்டுக்காரங்க ஒரு முடிவைச் சொன்னாங்க. செயற்கை மூச்சுல கெடந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கு கொறைச்சது டெக்ஸாமெதசோன்னு ஒரு ஸ்டீராய்டு. கம்பவுண்டருங்க கையில அம்பது வருசமாப் பொழங்குன மருந்து, காசு கம்மி. அது எதிர்ப்பு சக்தியை ஏத்தற மருந்து இல்லே மாப்ளே, அடக்கற மருந்து. கிருமியத் தொரத்தறேன்னு கெளம்புன நம்மாளுகளே நொரையீரலைப் பொசுக்குனதாலதான் அங்க பல சாவு. பெருசுகளுக்கு அது ரெட்டை அடி: புதுக்கிருமிக்குன்னு ஆளு கெளம்பறதுக்கு நேரமாச்சு, கெளம்புனதுக்குப் பொறகு நிக்கலே.

இந்தச் சத்தக் கணக்கை நம்ம சீமையிலயே அளந்து பாத்தாங்க. மெட்ராஸ்ல சேத்துப்பட்டுல தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்குது. 1956-ல இருந்து காசத்துக்கு மருந்து தேடற எடம். அவங்க 2020-ல அறுவதுல இருந்து எம்பது வயசுக்குள்ள இருக்கற பெருசுகளுக்குப் பி.சி.ஜி. ஊசி போட்டாங்க. கொழந்தை பொறந்ததும் தோள்ல போடறாங்களே, அதேதான். கொரோனாவுக்கு ஒதவுமான்னு பாக்கறதுக்கு. ஒரு மாசம் கழிச்சு ரத்தத்தை எடுத்துப் பாத்தா, ஞாபகச் செல்லுக கூடியிருந்துச்சு, அழற்சி ரசாயனம் ஒண்ணில்லே, ஒரு பட்டியலே கொறைஞ்சிருந்துச்சு. ஊசியப் போட்டா சத்தம் கூடும்னுதான் நாம நெனப்போம். கொறைஞ்சுது. எனக்கு நெம்பப் புடிச்ச சேதி இது.

ஒடனே பி.சி.ஜி. போடறதுக்குக் கெளம்பீராதே. ரத்தத்துல எண்ணு மாறறது வேற, நோய் வராம இருக்கறது வேற. ஆஸ்திரேலியாக்காரங்க முன்னின்னு நடத்துன பெரிய சோதனையில, ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்களுக்கு அந்த ஊசி கொரோனாவைத் தடுக்கலேன்னு 2023-ல சொல்லீட்டாங்க. அதுக்கும் முந்தி 1968-ல நம்ம செங்கல்பட்டுப் பக்கம் லட்சக்கணக்கான சனத்துக்குப் பி.சி.ஜி. போட்டு, பதினஞ்சு வருசம் பின்னாலயே போயிப் பாத்தாங்க. பெரியவங்களுக்கு வர்ற நொரையீரல் காசத்தை அது தடுக்கலே. அத்தனை பெரிய பரிச்சை, பதிலு "இல்லே". அந்த "இல்லே"யை ஒளிக்காம வெளிய சொன்னாங்க பாரு, அதுக்கு ஒரு கும்புடு. பொடிக்காரன்கிட்ட "எத்தனை பேருக்குக் கேக்கலே?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாரேன்.

பணக்காரங்க மட்டும் சும்மாவா இருக்கறாங்க? யயாதி மகன்கிட்ட எளமையைக் கடன் வாங்குனான்னு கதை கேட்டிருக்கறோம். அமெரிக்காவுல பிரையன் ஜான்சன்னு ஒரு கோடீஸ்வரர் 2023-ல மகன் ரத்தத்துல இருந்து பிளாஸ்மாவை எடுத்துத் தனக்கு ஏத்திக்கிட்டாரு. பலன் ஒண்ணும் தெரியலேன்னு அவரே சொல்லி நிறுத்தீட்டாரு. யயாதிக்கு இருந்த அதிர்ஷ்டம் இல்லே. 2019-ல இன்னொரு கூட்டம் வளர்ச்சி ஹார்மோனைப் போட்டுத் தைமஸை மறுபடி தளுக்க வெச்சு, ரத்த வயசுல ரெண்டரை வருசம் கொறைச்சோம்னாங்க. எத்தனை பேருன்னு கேட்டா ஒம்போது பேரு. ஒம்போது பேரை வெச்சு நம்மூர்ல சீட்டே நடத்த மாட்டாங்க.

காசில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்குது, உனக்குப் புடிக்காது. இங்கிலாந்துல அம்பத்தஞ்சுல இருந்து எழுவத்தொம்போது வயசு வரைக்கும் 125 சைக்கிள்காரங்களைப் புடிச்சுப் பாத்தாங்க, 2018-ல. ஆம்பளைன்னா ஆறரை மணி நேரத்துக்குள்ள நூறு கிலோமீட்டர் மிதிக்கோணும். இங்கிருந்து கோயமுத்தூர் போயித் திரும்பி, அப்பிடியே திருப்பூருக்கும் ஒரு மிதி மிதிச்ச தூரம். அவங்க தைமஸ்ல இருந்து புதுச் செல்லு எளவட்டங்களுக்கு வர்ற மாதிரியே வந்துட்டிருந்துச்சு. மிதிச்சதால நல்லா இருந்தாங்களா, நல்லா இருந்ததால மிதிச்சாங்களாங்கற கேள்வி எனக்கும் இருக்குது. இன்னொண்ணும் சொல்லோணும்: புதுசு வந்துச்சே ஒழிய, பேக்கரிப் பெருசுக கொறையலே. சும்மா உக்காந்திருந்த கெழவங்களுக்கு எத்தனையோ அத்தனை இவங்களுக்கும் இருந்துச்சு. நீ நூறெல்லாம் மிதிக்க வேண்டாம். கம்பெனி மாடிக்கு லிப்டை விட்டுட்டு ஏறு.

உன்ற காயிதத்துல சொல்லாத ஒரு அடையாளத்தை நான் சொல்றேன். என்ற பங்காளி ஒருத்தருக்கு, என்ற வயசுதான், போன ஐப்பசியில வலது வெலாவுல பட்டை கட்டுனாப்பல கொப்புளம். அக்கி. மண்ணுடையார் ஊட்டுக்குப் போயிச் செங்காவியக் கொழைச்சு அக்கி எழுதீட்டு வந்தாரு. கொப்புளம் ஆறிப்போச்சு, வலி ஆறலே. சட்டை பட்டாலே கத்துவாரு, மாசக்கணக்குல. அது புதுசா வந்த சீக்கு இல்லே. சின்ன வயசுல அம்மை போட்டு, வேப்பந்தழையில படுக்க வெச்சு, தண்ணி ஊத்தி, மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சு அனுப்பி வெச்சோமே, அதே கிருமிதான். அது எங்கயும் போகலே. முதுகந்தண்டுக்குப் பக்கத்துல நரம்பு முடிச்சுல அறுவது வருசம் பொட்டாட்டம் படுத்திருந்துச்சு. டி செல்லு காவல் நின்ன வரைக்கும் எந்திரிக்கலே. காவலுக்கு வயசாச்சு, எந்திரிச்சுருச்சு. எதிர்ப்புச் செல்லு மூப்பானதைக் கண்ணால பாக்கோணும்னா அந்தப் பட்டைதான், லேப்பே வேண்டாம். காவி பூசறது பூசட்டும், ஆனா கொப்புளம் கண்ட மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்டப் போயி மாத்திரைய ஆரம்பிச்சுரோணும். இதை உங்கம்மாளுக்கும் சொல்லி வையி.

அதுக்கு இப்ப ஊசியும் இருக்குது. ஷிங்ரிக்ஸ்னு பேரு, 2023-ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, அம்பது தாண்டுனவங்களுக்கு. பழைய ஊசி ஒண்ணு வெளிநாட்டுல இருந்துச்சு, எழுவது தாண்டுனவங்களுக்குப் பாதி கூடக் கேக்கலே. இது அவங்களுக்கும் நூத்துக்குத் தொண்ணூறு வாக்குல கேக்குது. சூட்சுமம் என்னன்னா, கிருமியோட ஒரு துண்டு கூட, சிலி நாட்டுல இருக்கற சோப்பு மரத்துப் பட்டையில எடுத்த ஒரு சரக்கைக் கலக்கறாங்க. உங்காத்தா தலைக்குப் போட்ட பூந்திக்கொட்டையில நுரை வருதே, அந்த நுரைக்குக் காரணமான ரகந்தான் அதுவும். தூங்கற கெழட்டுச் செல்லை அது சரியான எடத்துல, சரியான ஆளைக் காட்டி எழுப்பி விடுது. சும்மா கத்த விடறதுக்கும் இதுக்கும் எத்தனை வித்தியாசம் பாரு.

ரெண்டு தடவை போடோணும், நடுவுல ரெண்டு மாசமாச்சும் விடோணும். ஒரு ஊசி பத்தாயிரத்துக்கு மேல. காசு நான் எடுத்து வெச்சுட்டேன், அதுக்கு உன்னைக் கேக்கலே. ஞாயித்துக்கெழமை காரை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போனாப் போதும். ஆனா அந்தச் சோப்புச் சரக்கு லேசுப்பட்டது இல்லையாமா. அன்னிக்கு ராத்திரி கை தூக்க முடியாது, ஒடம்பெல்லாம் நோகும், காய்ச்சல் கூட அடிக்குமுன்னு பேத்தி சொல்லீருக்கறா. திங்கக்கெழமை காத்தால அஞ்சு மணிக்கு மாட்டுக்குத் தட்டுப் போட்டுப் பாலு கறக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். உனக்குக் கறக்கத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். சனிக்கெழமை பொழுதோடவே வந்துரு, சொல்லித் தர்றேன்.